ரீடிங் எழுதும் கை

(பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘தொழிலும் பாலினமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது எளிது. பாரதியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தொடங்கலாம், கல்பனா சாவ்லாவைச் சொல்லி முடிக்கலாம், கைதட்டலுக்குக் குறைவிருக்காது. நீங்களே பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைப் பேசிச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அப்படிப் பரிசு வாங்கிய பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வந்ததும், ‘மெக்கானிக்கல் பொண்ணுங்களுக்கு செட் ஆகாது’ என்கிறார்கள். ஆகவே வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் நூலகத்துக்குப் பின்னால் ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சும்மாடு கூட்டி, பாண்டு நிறையக் கலவையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறுகிறவர் யார்? சித்தாள். பெண். மேலே நின்று அதை வாங்கிக் கரண்டியால் பூசுகிறவர், ரசமட்டம் வைத்துப் பார்க்கிறவர், தூக்குக்குண்டு விடுகிறவர் யார்? கொத்தனார். ஆண். பாரம் முழுவதும் பெண் தலையில். கைத்திறனும் கூடுதல் கூலியும் ஆண் கையில். கையாளாக வேலைக்கு வந்த பையன் சில வருடங்களில் கரண்டி பிடிக்கப் பழகி, பிறகு கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்க்கும் அம்மா சித்தாளாகவே ஓய்ந்துபோகிறார். அவரிடம் கரண்டியைக் கொடுத்துப் பார்த்து, பூசத் தெரியவில்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை. கொடுத்தே பார்க்கவில்லை.

இதே நாட்டில்தான், பெண்கள் ஏன் மெக்கானிக்கல், சிவில் எடுப்பதில்லை என்று கேட்டால், ‘வெயிட் தூக்கணும் சார், வெயில்ல நிக்கணும் சார்’ என்று பதில் வருகிறது.

வயலுக்கு வாருங்கள். முதுகை வளைத்துச் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் பெண்கள். நடவு இயந்திரம் வந்தது. நின்று வளைந்து செய்த வேலை உட்கார்ந்து ஓட்டும் வேலையானது. இப்போது அந்த இருக்கையில் பெரும்பாலும் ஆண்தான் இருக்கிறார். வேலை கடினமாக இருந்தவரை அது பெண்ணின் இயல்புக்கு ஏற்றது என்றார்கள். எளிதானதும், ‘மிஷின் வேலை, பொம்பளைக்கு எதுக்கு’ என்றார்கள்.

சமையல் வீட்டில் பெண் வேலை, கல்யாண மண்டபத்தில் ஆண் வேலை. அலங்காரம் பெண்ணுக்குரியது என்பார்கள். ஆனால் இந்தித் திரையுலகின் ஒப்பனைக் கலைஞர் சங்கத்தில் பெண்கள் முடி அலங்காரம் மட்டும்தான் செய்யலாம், மேக்கப் ஆண்களுக்கே என்று விதியே வைத்திருந்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

தட்டச்சு இன்னும் சுவையான கதை. போன நூற்றாண்டின் முற்பகுதியில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் ஆண்பிள்ளைகளின் பிழைப்பு. தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பையன்கள் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். மதராஸி ஸ்டெனோ என்றால் வடக்கே தனி மதிப்பு. பிற்பாடு அதே வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். வந்தபின், இது மெல்லிய விரல்களுக்கு ஏற்ற வேலை, பொறுமை வேண்டிய வேலை, பெண்களுக்குப் பொருத்தம் என்று ஒரு விளக்கமும் பிறந்தது. ரெமிங்டன் மெஷின் அதேதான், அதன் விசைகளும் அதேதான். யார் செய்கிறார்கள் என்பது முதலில் மாறியது. காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் பாதிக்குப் பாதியாவது பெண்கள் இருப்பார்கள். ‘ஏ.சி. ரூம், உட்கார்ந்து பார்க்கிற வேலை, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு’ என்று வீட்டிலும் உடனே சம்மதித்திருப்பார்கள். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1946-ல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். 1984-ல் அங்கே கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பெண்கள். அதற்குப் பின் அந்த அளவு சரிந்து சரிந்து 20-க்கும் கீழே போனது. வீட்டுக் கணினி ஆண்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக விற்கப்பட்ட காலம் அது. அங்கே கேட்டால், ‘நாள் முழுக்க ஒரு மெஷின் முன்னால் தனியாக உட்காரும் வேலை, ஆண்களின் சுபாவத்துக்குத்தான் பொருந்தும்’ என்று விளக்கம் சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற ஒரே வேலை. இங்கே பெண்ணுக்கு ஏற்றது, அங்கே ஆணுக்கு ஏற்றது. இதில் எந்த விளக்கத்தை நம்புவது?

இந்தப் பாகுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வீட்டு வளர்ப்பு, சினிமா, விளம்பரம் என்று காரணங்களை அடுக்கலாம். அதெல்லாம் உண்மைதான், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவற்றின் மேல் இந்தக் கல்லூரிக்கு எந்த அதிகாரமும் இல்லை. இங்கே கழிக்கிற நான்கு வருடத்தின் மேல் இருக்கிறது. நான் பாடம் நடத்திய காலமெல்லாம் பெரும்பாலும் லேபில் கழிந்தது. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹைட்ராலிக்ஸ் லேபை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச்சுக்கு ஐந்து பேர். அதில் ஒரு பெண், மிஞ்சினால் இருவர். மையவிலக்கு பம்பில் பரிசோதனை. மோட்டாரைப் போட வேண்டும், டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், பிரஷர் கேஜ் பார்க்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறுவதற்கு எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும், ரீடிங் எழுத வேண்டும். அன்றைக்கு யார் எதைச் செய்வது என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. ஒரு பையன் கை தானாக வால்வுக்குப் போகும். ‘உன் கையெழுத்து அழகா இருக்கும், நீ எழுதிடு’ என்று நோட்டு அந்தப் பெண்ணிடம் வரும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாராட்டாகத்தான் சொல்கிறான். அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொள்கிறாள். அடுத்த வாரமும் அப்படியே. அடுத்த செமஸ்டரும் அப்படியே.

நான்காம் வருடம், படித்த துறையிலேயே வேலை தரும் ‘கோர்’ கம்பெனி வருகிறது. இன்டர்வியூவில், ‘பம்பை ஸ்டார்ட் பண்ணும்போது டெலிவரி வால்வு திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?’ என்று கேட்கிறார்கள். வால்வைத் திருகியவனுக்குக் கை ஞாபகத்தில் பதில் இருக்கிறது. எழுதியவளுக்குப் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருக்கிறது; ஆனால் பதில் ஒரு நொடி தாமதமாக வருகிறது. எதிரில் இருப்பவர் அந்த ஒரு நொடியைக் குறித்துக்கொள்கிறார். அவள் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறாள். அடுத்த வருடம் ஜூனியர் பெண்களிடம், ‘கோர்ல பொண்ணுங்கள எடுக்க மாட்டாங்க’ என்ற செய்தி போய்ச் சேர்கிறது. அதைக் கேட்ட ஜூனியர் பெண், எடுக்கப் போவதில்லை என்று தெரிந்த வேலைக்காக எதற்கு வால்வைத் திருக வேண்டும்? நோட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

இறுதியாண்டு புராஜெக்டிலும் இதுதான். ரிப்போர்ட்டும் பிபிடியும் பெண்கள், ‘ஃபேப்ரிகேஷன்’ பையன்கள். அந்த ஃபேப்ரிகேஷன் எந்த லேத் பட்டறையில் எவ்வளவு கொடுத்து நடந்தது என்பது வேறு கதை, முதல்வர் எதிரில் அதைப் பேச வேண்டாம். சிம்போசியம் வந்தால் பெண்களுக்குக் கோலம், பட்டுப்புடவை, பன்னீர்ச் செம்பு, மேடைத் தொகுப்பு. பையன்களுக்கு ஸ்பான்சர், பந்தல், சவுண்டு சர்வீஸ். கோலம் போடுவது தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் போய், பேசி, பேரம் முடித்து, பத்தாயிரம் ரூபாய் வாங்கிவருவது ஒரு பயிற்சி. நாளைக்குத் தொழில் தொடங்கினால் அதுதான் கைகொடுக்கும். அந்தப் பயிற்சி ஒரு பக்கத்துக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். தொழிலில் ஆண் வேலை, பெண் வேலை உண்டு என்ற எண்ணத்தை மாற்ற மண்டையைக் குறிவைத்துப் பயனில்லை. கருத்துக் கேட்டால், ‘ஆணும் பெண்ணும் சமம் சார்’ என்றுதான் இந்த அரங்கில் எல்லோரும் சொல்வீர்கள். நம்பித்தான் சொல்வீர்கள். யார் கையில் என்ன வேலையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம்பிக்கை வேறாக இருக்கிறது. அங்கே மாற்றினால் மண்டை பின்னால் வரும்.

எப்படி மாற்றுவது? லேபில் யார் எதைச் செய்வது என்பதை மாணவர்களிடம் விடாதீர்கள். அப்சர்வேஷன் நோட்டின் முதல் பக்கத்திலேயே அட்டவணை போட்டுக் கொடுங்கள்: இந்த வாரம் இன்னார் வால்வு, இன்னார் வாட்ச், இன்னார் எழுத்து. வாரா வாரம் மாறட்டும். மாறினால்தான் கையெழுத்து என்று லேப் ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும். இதற்குப் பணம் வேண்டாம், கருத்தரங்கம் வேண்டாம். பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நாலு வரி ரிப்போர்ட் கோர்வையாக எழுதத் தெரியாத எத்தனையோ இன்ஜினியர்களைத் தொழிற்சாலைகளில் பார்த்திருக்கிறேன். ரீடிங் எழுதிப் பழகாத நஷ்டம் அது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அட்டவணை போட்ட முதல் மாதம் பெண்கள் தடுமாறுவார்கள். ‘பார்த்தீங்களா சார்’ என்று யாராவது சொல்வார்கள். பையன் பன்னிரண்டு வயதில் சைக்கிள் செயின் மாட்டியவன், பிளஸ் டூ படிக்கும்போது அண்ணன் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தவன். அந்தப் பெண் ஸ்பேனரைத் தொடுவதே இங்கேதான். முன்பழக்கத்தைத் திறமை என்று எடைபோடுவது ஆசிரியர்கள் நாங்கள் வழக்கமாகச் செய்கிற பிழை. கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் கல்லூரி இதைச் சரிசெய்து பார்த்தது. 2006 வாக்கில் அங்கே கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்தான். முதல் பாடத்தையே திருத்தி, ஏற்கெனவே புரோகிராம் எழுதிப் பழகியவர்களைத் தனிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். புதிதாகக் கற்பவர்கள் முன்னால் அவர்கள் வித்தை காட்டுவது நின்றது. முதலாண்டுப் பெண்களைத் துறை மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு 40 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. நம் வொர்க்‌ஷாப்பிலும் முதல் சில வாரம், கருவியே தொடாதவர்களுக்கென்று தனி வகுப்பு வைக்கலாம். அதில் பையன்களும் வந்து உட்காருவார்கள், பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பையனுக்கு இப்போது ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிவதில்லை.

இன்னொன்று. ஐந்து பேர் பேட்ச்சில் ஒற்றைப் பெண்ணைப் போடாதீர்கள். நம் மண்ணிலேயே இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் அனுமதி கேட்டு வாங்க முடிந்தது. அவர் பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டுக் கையால் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அத்தனை ஆண்களுக்கு நடுவே அவர் தனியாக இருந்தார். கல்லூரி சும்மா இருக்கவில்லை. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இரண்டு பெண்கள் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். த்ரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். தனியாக நிற்கும் பெண் என்ன தவறு செய்தாலும் அது ‘பெண்களின் தவறு’ ஆகிவிடும். கூட இரண்டு பேர் இருந்தால், அது அவள் தவறு மட்டும்தான். அந்த நிம்மதி இல்லாமல் யாரும் துணிந்து வால்வைத் திருக மாட்டார்கள்.

முன்மாதிரிகளைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ‘முதல் பெண்’ செய்திகளை நாம் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறோம். 1993-ல் குமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் வசந்தகுமாரி உட்கார்ந்தார். மாபெரும் துணிச்சல். ஆனால் முப்பது வருடம் கழித்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் அது புகைப்படத்தோடு செய்தியாகிறது என்றால், வழி திறந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? விதிவிலக்கைக் கொண்டாடிக் கொண்டாடி விதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தூரத்து நட்சத்திரத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் மேல். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி பெரிய விஞ்ஞானி என்று சொன்னால் தலையாட்டுவீர்கள். செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னால், தென்காசிப் பக்கத்துப் பெண் நிமிர்ந்து உட்காருவாள்.

அமெரிக்காவில் டாலஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதார ஆசிரியர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2020-ல் வெளியான ஆய்வு. பெண்கள் அதிகம் சேராத துறை அது. அங்கே படித்து வேலைக்குப் போன பழைய மாணவியரில் இருவரை இப்போதைய மாணவியரைக் கொண்டே தேர்ந்தெடுத்து, அறிமுக வகுப்புகள் சிலவற்றில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் போலப் பேச வைத்தார்கள். அந்த வகுப்புகளில் அத்துறையைத் தொடர்ந்து எடுத்த பெண்களின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. பதினைந்து நிமிடம்! உங்கள் மெக்கானிக்கல் துறையில் ஐந்து வருடம் முன்பு படித்து, ஒரகடத்திலோ ஓசூரிலோ ஷாப் ஃபுளோரில் வேலை பார்க்கிற அக்கா ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆடிட்டோரியத்தில் பொன்னாடை போட வேண்டாம்; வகுப்பறையில் பேசட்டும். சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் எப்படி, அங்கே பெண்களுக்குக் கழிவறை இருக்கிறதா, கல்யாணத்துக்கு முன் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் சொல்லட்டும்.

பையன்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பேச்சு அரைகுறை. பெண் மெக்கானிக்கல் எடுத்தால், ‘தைரியசாலி’ என்கிறோம். பையன் நர்சிங் எடுத்தால் என்ன சொல்கிறோம்? ‘டாக்டர் சீட் கிடைக்கலையா’ என்கிறோம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் வேலையை மாற்றிச் சொல்கிற ஆண் செவிலியர்கள் உண்டு. சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ராணுவச் செவிலியர் பணி 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டப்படி பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டது. 2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்று முடிவெடுத்தார்கள். ஆறடி நோயாளியைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைக்கும் வேலைக்கு ஆள் தேர்வு செய்யும்போது, நாம் சற்று முன் பேசிய ‘வெயிட் தூக்கணும்’ எங்கே போயிற்று? பெண்களை ஆண்களின் துறைக்கு அனுப்பும் திட்டங்கள் நிறைய. பெண்களின் துறை என்று பேர் வாங்கியவற்றுக்கு ஆண்களை அனுப்பும் முயற்சி அநேகமாக இல்லவே இல்லை. சம்பளம் ஒரு காரணம். பெண்கள் நிறைந்த வேலை என்று ஆனதும் அதன் கூலி தேங்கிவிடுகிறது. நம் தனியார் மருத்துவமனைச் செவிலியரையும், மெட்ரிக் பள்ளி ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். அந்தச் சம்பளத்தை உயர்த்தாமல், ‘ஆண்களே வாருங்கள்’ என்று அழைத்துப் பயனில்லை.

சவூதி அரேபியாவில் நடந்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரியாத் நகரத்தில் இளம் கணவர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, பெண்கள் வெளியே வேலைக்குப் போவதை நீங்கள் ஏற்கிறீர்களா என்று தனித்தனியாக, ரகசியமாகக் கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் ஏற்கிறோம் என்றார்கள். இந்த அறையில் இருக்கும் மற்றவர்களில் எத்தனை பேர் ஏற்பார்கள் என்று அடுத்த கேள்வி. அதில் பெரும்பாலோர் குறைத்துக் கணித்தார்கள். ஊர் ஒத்துக்கொள்ளாது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். அப்படித் தெரிந்துகொண்டவர்கள், மற்றவர்களைவிட அதிக அளவில், வேலை தேடித் தரும் சேவையில் மனைவியின் பெயரைப் பதிவு செய்தார்கள். யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் சொன்னார்கள்.

இதை இந்தக் கல்லூரியில் ஒரு பீரியடில் செய்துவிடலாம். பெயர் எழுதாத சீட்டு. ‘நர்சிங் படிக்கும் நண்பனை நீ கேலி செய்வாயா? வகுப்பில் எத்தனை பேர் செய்வார்கள் என்று நினைக்கிறாய்?’ ‘மனைவி சைட் இன்ஜினியராக இருந்தால் சம்மதமா? எத்தனை பேருக்குச் சம்மதம் என்று நினைக்கிறாய்?’ எண்ணிப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள். விவாதம் தானாக வரும். ஒன்று, ஒருநாள் கூத்தாக முடித்துவிடாதீர்கள். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்து, அவற்றில் பாதியில் இப்படிப்பட்ட வகுப்பறை விவாதங்களை இரண்டரை வருடம் தொடர்ந்து நடத்தினார்கள். பிள்ளைகளின் எண்ணம் மாறியது. முடிந்து இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோதும் மாற்றம் நின்றிருந்தது. பையன்கள் வீட்டு வேலை கொஞ்சம் கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார்கள். மார்ச் 8-ஆம் தேதி ரங்கோலிப் போட்டி நடத்தி, பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்தால் இது நடக்காது.

கடைசியாக, முதல்வர் அவர்களிடம் நேரடியாகவே ஒன்று கேட்கிறேன். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் லைனில் நிற்பவர்கள். மெயின்டனன்ஸிலும் சூப்பர்வைசர் நாற்காலியிலும் இன்னும் ஆண்களே அதிகம். அந்த நாற்காலிகளுக்கு உங்கள் மாணவியர் போக வேண்டுமென்றால் ஷிஃப்ட் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வைக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் பெண்கள் விடுதி மாலை ஆறரைக்குப் பூட்டப்படுகிறது. ஆண்கள் விடுதி ஒன்பதரைக்கு. ரோபோட்டிக்ஸ் கிளப் கூடுவது ஆறு மணிக்கு. கோ-கார்ட் போட்டிக்கு வெல்டிங் நடப்பது எட்டு மணிக்கு. அந்த மூன்று மணி நேரத்தை நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. லேபிலிருந்து விடுதிவரை விளக்குப் போடுங்கள், ஒரு வாட்ச்மேனை நிறுத்துங்கள், நேரத்தை ஒன்றாக்குங்கள். அது முடியாதென்றால், ஆண்கள் விடுதியையும் ஆறரைக்கே பூட்டிவிடுங்கள். ஒரே வாரத்தில் மாணவர்களே உங்கள் அறை வாசலில் நின்று வேறு வழி கண்டுபிடித்துத் தருவார்கள்.